முதல் கோடு போடும் முன் விதிப்புத்தகம்: வீட்டு வரைபடத்தைக் கட்டட விதிகளோடு சேர்த்தே வரைவது எப்படி?

வீட்டு வரைபடம் வரையப் பழகுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் வேலை செய்கிறார்கள். முதலில் அறைகளை மனம்போல் அமைக்கிறார்கள், பிறகு சன்னல்களை வைக்கிறார்கள், முகப்பை அழகாக்குகிறார்கள். எல்லாம் முடிந்த பிறகுதான் விதிகளுக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கிறார்கள். அப்போது படிக்கட்டை 30 செ.மீ. நீட்ட வேண்டியிருக்கும். படிக்கட்டு நீண்டால் பக்கத்து அறை சுருங்கும். அறை சுருங்கினால் கதவு இடம் மாறும். கதவு மாறினால் மேல்தளத்தில் கழிவறை நகரும். பத்து நாள் வேலை வீணாகும்.

இந்தப் பதிவில் அந்த வரிசையைத் திருப்பிப் போடுகிறோம். ஓர் எண்ணைப் பார்த்ததும் அது யாருடைய உடலை, எந்த விபத்திலிருந்து காப்பதற்காக எழுதப்பட்டது என்று கேட்டுப் பழகுங்கள். விடை தெரிந்துவிட்டால் அந்த எண் மறக்காது, வரையும்போதே கை அதற்குப் பழகிவிடும்.

படி 1: எந்த விதி உங்களைக் கட்டுப்படுத்துகிறது?

நாடு தழுவிய மாதிரி விதித்தொகுப்பு ஒன்று இருக்கும். இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு அத்தகையது. அமெரிக்காவில் சர்வதேசக் குடியிருப்பு விதித்தொகுப்பு இருக்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அதன் புதிய பதிப்பு வருகிறது. ஆனால் மாதிரித் தொகுப்பு தானாகவே சட்டமாகிவிடாது. மாநிலமோ நகராட்சியோ அதை ஏற்றுக்கொண்டால்தான், அதுவும் தன் திருத்தங்களோடு ஏற்றுக்கொண்டால்தான், அது உங்கள் மனைக்குப் பொருந்தும். ஆகவே அனுமதி தரும் அலுவலகத்திடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "எந்த ஆண்டுப் பதிப்பு, எந்தெந்தத் திருத்தங்களோடு நடைமுறையில் இருக்கிறது?" பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கீழே நான் தரும் அளவுகள் வெவ்வேறு தொகுப்புகளிலிருந்து எடுத்தவை. முறையைக் கற்றுக்கொள்ள அவற்றைப் பயன்படுத்துங்கள். வரைபடத்தில் உங்கள் ஊர் விதியின் எண்ணே இடம்பெற வேண்டும்.

படி 2: வரையறைகளைப் படியுங்கள்

எல்லோரும் தாண்டிப் போகும் பக்கங்கள் இவை. நான் இவற்றைத்தான் முதலில் படிக்கச் சொல்வேன். "அறையின் உயரம்" என்று விதி சொல்லும்போது எங்கிருந்து எதுவரை? இந்தியத் தொகுப்பில் மக்கள் வசிக்கும் அறைக்குக் குறைந்தது 2.75 மீட்டர் உயரம் வேண்டும். முடித்த தரையின் மேற்பரப்பிலிருந்து கூரைத் தளத்தின் அடிப்பரப்பு வரை அதை அளக்க வேண்டும். பீம் குறுக்கிடும் இடத்தில் 2.4 மீட்டர் இருந்தால் போதும். இந்த இரண்டு வரிகளைப் படிக்காதவர் பீமுக்கு அடியிலும் 2.75 வேண்டும் என்று நினைத்து வீட்டையே உயர்த்திவிடுவார். கட்டாயமாகச் சொல்லப்பட்ட வரி எது, பரிந்துரையாகச் சொல்லப்பட்ட வரி எது என்பதையும் இரண்டு நிறத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 3: மனைக்குள் ஒரு கண்ணாடிப் பெட்டி

வீடு எந்த எல்லைக்குள் அடங்க வேண்டும் என்பதை அறைகளுக்கு முன்பே வரைய வேண்டும். பயிற்சிக்கு ஒரு மனையை எடுத்துக்கொள்வோம். அகலம் 12 மீட்டர், நீளம் 18 மீட்டர்; பரப்பு 216 சதுர மீட்டர். முன்பக்கம் 3 மீட்டர், பின்பக்கம் 2 மீட்டர், இரு பக்கமும் தலா 1.5 மீட்டர் செட்பேக் (மனை எல்லைக்கும் கட்டடத்துக்கும் நடுவில் காலியாக விடும் இடம்) விட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சுவது 9 × 13, அதாவது 117 சதுர மீட்டர். மனையில் பாதிக்கு மேல் கட்டடம் மூடக் கூடாது என்று இன்னொரு விதி சொன்னால் 108 தான் கிடைக்கும். தளப்பரப்புக் குறியீடு 1.5 என்றால், அதாவது எல்லாத் தளங்களின் பரப்பும் சேர்ந்து மனைப் பரப்பில் ஒன்றரை மடங்கு வரை போகலாம் என்றால், மொத்தம் 324. ஆக, 108 வீதம் மூன்று தளங்கள் என்று மனம் கணக்குப் போடும்.

இப்போது உயர வரம்பைக் கொண்டு வாருங்கள். மண்மட்டத்திலிருந்து 9 மீட்டர் என்று இருக்கட்டும். தளத்துக்குத் தளம் 3 மீட்டர் வைத்தால் மூன்று தளங்களுக்கே 9 மீட்டர் ஆகிவிடும். தரைத்தளமோ மண்ணிலிருந்து 450 மி.மீ. உயர்ந்து நிற்க வேண்டும். அறை உயரத்தைக் குறைத்துச் சமாளிக்கலாமா? 3000 மி.மீட்டரில் கூரைத் தளத்துக்கு 150, தரைப் பூச்சுக்கு 50 போனால் மிஞ்சுவது 2800. விதி கேட்பது 2750. தளத்துக்கு 50 வீதம் மூன்று தளங்களிலும் சேர்த்து 150 மி.மீ. மட்டுமே மிச்சம் பிடிக்கலாம், தேவைப்படுவது 450. ஒவ்வொரு விதியையும் தனியாகப் பார்த்தபோது மூன்று தளம் கிடைத்தது. சேர்த்துப் பார்த்தால் இரண்டுதான். முகப்பு வரைவதற்கு முன்பே, அரை மணி நேரக் கணக்கில் இது தெரிந்துவிடுகிறது.

செட்பேக் இடத்தை வீணாகப் போன நிலமாகச் சிலர் பார்க்கிறார்கள். 1666இல் லண்டன் நகரம் எரிந்தபோது நெருங்கி நின்ற மர வீடுகள் வழியாகத்தான் தீ தாவித் தாவிப் போனது. மறு ஆண்டே வெளிச்சுவர்கள் செங்கல்லிலோ கல்லிலோ இருக்க வேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது. உங்கள் பக்கத்துச் சுவருக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி தீயைத் தாமதப்படுத்தும் இடம். ஏணி வைக்கும் இடம். காற்று வரும் வழி.

படி 4: படிக்கட்டு

அறைகளுக்கு முன்னால் படிக்கட்டை வரையுங்கள். வீட்டில் மிகக் குறைவாக வளைந்துகொடுக்கும் உறுப்பு அதுதான்.

இந்தியத் தொகுப்பின்படி வீட்டுப் படி ஒன்றின் உயரம் 190 மி.மீட்டருக்கு மேல் போகக் கூடாது. மிதிக்கும் அகலம் 250க்குக் குறையக் கூடாது. அமெரிக்கத் தொகுப்பில் 196, 254. பிரிட்டனில் தனி வீட்டுக்கு 220, 220 வரை விடுகிறார்கள். ஆனால் படி உயரத்தை இரண்டு மடங்காக்கி அகலத்தைக் கூட்டினால் 550க்கும் 700க்கும் இடையில் வர வேண்டும் என்று ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். மனிதர் நடக்கும்போது எடுத்துவைக்கும் ஓர் எட்டின் நீளம்தான் இத்தனை எண்களுக்கும் மூலம்.

நம் வீட்டில் தளத்துக்குத் தளம் 3000 மி.மீ. அதை 190ஆல் வகுத்தால் 15.79. அரைகுறைப் படி கிடையாது என்பதால் 16 படிகள், ஒவ்வொன்றும் 187.5 மி.மீ. நடுவில் திரும்புவதற்கு ஒரு மேடை வைத்து இரண்டு ஓட்டங்களாக (தொடர் படிவரிசைகளாக) பிரித்தால் ஓட்டத்துக்கு 8 ஏற்றங்கள். எட்டாவது ஏற்றம் திருப்பு மேடையில் முடிவதால் மிதிப்பலகை 7 தான். 7 × 250 = 1750. திருப்பு மேடைக்கு 1000, கீழே ஏறத் தொடங்கும் இடத்துக்கு 1000. மொத்தம் 3750 மி.மீ. நீளம். அகலத்துக்கு இரண்டு ஓட்டங்கள் தலா 1000, நடுவில் 100, ஆக 2100. சுவர்ப் பூச்சு பக்கத்துக்கு 15 மி.மீ. தின்னும் என்பதால் செங்கல்லுக்குச் செங்கல் 2130 விடுங்கள். இந்த 30 மி.மீட்டரை மறந்து, ஆய்வின்போது படிக்கட்டு குறுகலாக நின்ற வீடுகள் ஏராளம்.

அடுத்த பொறி, திருப்பு மேடைக்கு அடியில் உள்ள இடம். அங்கே ஒரு சிறு கழிவறை வைக்கும் ஆசை எல்லோருக்கும் வருகிறது. மேடையின் மேற்பரப்பு 8 × 187.5, அதாவது 1500 மி.மீ. உயரத்தில் இருக்கிறது. தளத்தின் தடிமன் 150 போனால் 1350. ஒரு குழந்தைதான் நிமிர்ந்து நிற்க முடியும்.

இனி நான் பட்ட பாடு. தொடக்க காலத்தில் நான் வரைந்த ஒரு வீட்டில் 187.5 என்ற எண்ணைக் காங்கிரீட்டுக்கே கொடுத்துவிட்டேன். மேஸ்திரி அச்சுப் பிசகாமல் வார்த்தார். பிறகு தரையில் கலவையும் டைல்ஸும் சேர்ந்து 50 மி.மீ. ஏறின. படிகளின் மேல் 20 மி.மீ. கல் மட்டும் வந்தது. விளைவு: கீழிருந்து முதல் படி 157.5 ஆகக் குறைந்தது. மேல்தளத் தரையும் 50 ஏறியதால் கடைசிப் படி 217.5 ஆக உயர்ந்தது. நடுவில் எல்லாம் 187.5. அந்த வீட்டுப் பெரியம்மா முதல் வாரத்திலேயே கடைசிப் படியில் கால் தட்டி விழுந்தார். நல்லவேளை, எலும்பு முறியவில்லை. ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரே ஓட்டத்தில் படிகளின் உயர வேறுபாடு 9.5 மி.மீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது என்று அமெரிக்கத் தொகுப்பு ஏன் கறாராகச் சொல்கிறது என்பது அன்றுதான் புரிந்தது. இரண்டு மூன்று படிகளிலேயே நம் கால் தாளத்தைப் பிடித்துக்கொள்கிறது. அதன் பிறகு கண் படியைப் பார்ப்பதே இல்லை.

சரி செய்யும் வழி எளிது. காங்கிரீட் வரைபடத்தில் முதல் படிக்கு 217.5, நடுப்படிகளுக்கு 187.5, கடைசிக்கு 157.5 என்று எழுதுங்கள். பூச்சு ஏறியதும் எல்லாம் சமமாகிவிடும். முடித்த அளவு, வார்ப்பு அளவு என்று இரண்டு வரிசையையும் படிக்கட்டு வெட்டுத்தோற்றத்தில் (குறுக்கே வெட்டிப் பார்ப்பது போன்ற வரைபடத்தில்) காட்டுங்கள்.

படி 5: அறையும் சன்னலும்

அறைக்குப் பரப்பு, குறைந்த அகலம், உயரம் மூன்றும் சேர்ந்து பொருந்த வேண்டும். அமெரிக்கத் தொகுப்பில் சுமார் 6.5 சதுர மீட்டரும், எந்தப் பக்கத்திலும் 2.13 மீட்டருக்குக் குறையாத அளவும் கேட்கிறார்கள். பரப்பு சரியாக இருந்தும் நடைபாதை போல ஒடுங்கிய அறையைத் தடுக்கவே அந்த இரண்டாவது எண்.

வெளிச்சத்துக்கும் காற்றுக்குமான திறப்பைத் தரைப்பரப்பின் பங்காகச் சொல்வது வழக்கம். இந்தியத் தொகுப்பில் வறண்ட வெப்பப் பகுதிக்குப் பத்தில் ஒரு பங்கு, ஈரமான வெப்பப் பகுதிக்கு ஆறில் ஒரு பங்கு. 3 × 4 மீட்டர் அறையில் முன்னதற்கு 1.2 சதுர மீட்டர், பின்னதற்கு 2 சதுர மீட்டர். பாதி மட்டுமே திறக்கும் நகரும் சன்னலை வைத்துவிட்டு முழுச் சட்டத்தையும் காற்றுக்கணக்கில் சேர்க்க முடியுமா என்பதை உங்கள் விதியில் பாருங்கள்.

படுக்கையறைச் சன்னலுக்கு இன்னொரு வேலையும் உண்டு. கதவுப் பக்கம் தீ சூழ்ந்தால் வெளியேற அதுதான் வழி. அமெரிக்கத் தொகுப்பு இதற்கு 0.53 சதுர மீட்டர் திறப்பு, குறைந்தது 508 மி.மீ. அகலம், 610 மி.மீ. உயரம், தரையிலிருந்து 1118 மி.மீட்டருக்கு மேல் போகாத அடிமட்டம் என்று கேட்கிறது. அகலத்தையும் உயரத்தையும் அதே குறைந்த அளவில் எடுத்துப் பெருக்கிப் பாருங்கள்: 0.31 தான் வருகிறது. இரண்டு எண்ணையும் நிறைவேற்றியும் விதியை மீறிவிடுகிறோம்! மூன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும். கம்பி போட்டாலும் சாவியோ கருவியோ இல்லாமல் உள்ளிருந்து திறக்கும்படி இருக்க வேண்டும் என்கிறது அதே தொகுப்பு. உங்கள் ஊர் விதி இதைக் கேட்காவிட்டாலும் இதை வையுங்கள் என்று மன்றாடுகிறேன். திருடனுக்காகப் பற்றவைத்த கம்பி, புகை சூழ்ந்த இரவில் வீட்டாரையே அடைத்துவிடும்.

படி 6: கைப்பிடியும் தடுப்பும்

இந்தியத் தொகுப்பு மொட்டைமாடிச் சுவருக்கும் கைப்பிடிக்கும் குறைந்தது 1 மீட்டர் உயரம் கேட்கிறது. உயரத்தைவிடக் கம்பிகளுக்கு இடையிலான சந்தில்தான் ஆபத்து அதிகம். 100 மி.மீ. உருண்டை நுழையக் கூடாது என்பது பிரிட்டனின் விதி, அமெரிக்காவில் 102. சிறு குழந்தையின் தலை அந்தச் சந்தில் நுழையக் கூடாது என்பதே நோக்கம். அட்டையில் 100 மி.மீ. விட்டத்தில் ஒரு வட்டம் வெட்டிப் பையில் வைத்துக்கொண்டு பட்டறைக்குப் போங்கள். அலங்காரக் கம்பி வளைவுகளில் அதை நுழைத்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் விடை தெரியும். கிடைமட்டக் கம்பிகள் குழந்தைக்கு ஏணி, செங்குத்தாக வையுங்கள்.

படி 7: சுமை

இது பொறியாளரின் கணக்கு. அவர் கையெழுத்து இல்லாமல் தூணும் பீமும் வேண்டாம். ஆனால் அவருக்குச் சரியான தகவலைத் தருவது வரைபவரின் கடமை. வீட்டு அறையின் தரைக்குச் சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன், ஏறத்தாழ 200 கிலோ, என்று எடுத்துக்கொள்வது பல தொகுப்புகளில் வழக்கம். ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி ஒரு டன் எடை. அது எந்த இடத்தில் நிற்கும் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

தரைத்தளத்தைச் சுவரின்றித் தூண்கள் மட்டும் வைத்து வண்டி நிறுத்த விடுவதானால் கட்டாயம் பேசுங்கள். மேலே சுவர்களால் விறைத்த தளங்கள், கீழே வெறும் தூண்கள் என்ற அமைப்பு நிலநடுக்கத்தில் முழங்கால் மடிவதைப் போல மடிகிறது. 2001 ஜனவரி 26இல் குஜராத்தில் நிலம் நடுங்கியபோது, மையத்திலிருந்து வெகு தொலைவில் இருந்த அகமதாபாத்திலும் இப்படிப்பட்ட அடுக்குமாடிகள் விழுந்தன.

மின்சாரத்துக்கு ஒரே ஒரு சொல்: 30 மில்லிஆம்பியர் கசிவுத் துண்டிப்பான் (மின்சாரம் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி) இல்லாத மின்பலகையை ஏற்காதீர்கள்.

படி 8: ஒரு தாள் அட்டவணை, பிறகு கட்டுமான இடம்

ஒரு தாளில் நான்கு நெடுவரிசை போடுங்கள்: விதி எண், விதி கேட்பது, நம் வரைபடத்தில் இருப்பது, எந்தத் தாளில் காட்டியிருக்கிறோம். அனுமதி அலுவலர் தேடுவதையெல்லாம் தேடாமலே கண்டுகொள்வார். மேலே கணக்கு புரிவதற்காக எல்லை எண்களையே எடுத்தோம்; உங்கள் வரைபடத்தில் விதியின் எல்லை எண்ணையே அப்படியே வரையாதீர்கள். 1000 கேட்டால் 1030 வையுங்கள். கட்டும்போது சிறிது பிசகத்தான் செய்யும்.

கட்டத் தொடங்கிய பிறகு சன்னல் ஒரு அடி நகர்ந்தாலும் வரைபடத்தைத் திருத்தி, தேவையென்றால் மீண்டும் ஒப்புதல் வாங்குங்கள். அஸ்திவாரம், கம்பி, குழாய், மின்குழல் இவற்றை மூடுவதற்கு முன் ஆய்வுக்கு அழையுங்கள். காங்கிரீட் போடும் நாளுக்கு முந்தைய மாலையில் நீங்களே போய், கம்பிகளின் மேல் அளவு நாடாவை விரித்து, எண் தெளிவாகத் தெரியும்படி படம் எடுத்து, தேதியோடு சேமித்து வையுங்கள். மறுநாள் காலை அந்தக் கம்பி கண்ணுக்குத் தெரியாது.