கருப்பட்டியை நேராகப் போடாதீர்கள்

வேளச்சேரியில் நாங்கள் ஆறு பேர் சேர்ந்து எடுத்திருக்கும் வாடகை வீட்டில், மழை நாள் சாயங்காலம் என்றால் கேரம் போர்டும் சுக்கு காபியும்தான். ஒருவன் கட்டிலுக்கடியில் ஸ்டிரைக்கரைத் தேடுவான், இன்னொருவன் போன மாதக் கரண்ட் பில்லை இழுப்பான். அடுப்பு என் பொறுப்பு.

பொடிக்கு 50 கிராம் சுக்கு, 100 கிராம் மல்லி, ஒரு ஸ்பூன் மிளகு, நாலு ஏலக்காய். மல்லியை மட்டும் வாசம் வர வறுத்தால் போதும். சுக்கை முழுசாக மிக்ஸியில் போட்டால் பிளேடு போய்விடும். முதலில் நன்றாகத் தட்டிக்கொள்ளுங்கள். (எங்களிடம் குழவி ஏது? துணியில் சுற்றி டம்பெல்லால் ஒரு போடு.)

ஆறு டம்ளர் தண்ணீரில் மூன்று ஸ்பூன் பொடி ஐந்து நிமிடம் கொதிக்கட்டும். கடைசியில் ஒரு ஸ்பூன் காபித்தூள். அப்புறம் 100 கிராம் கருப்பட்டியைத் தனியாக வெந்நீரில் கரைத்து, வடிகட்டிச் சேருங்கள். வடிகட்டியில் நிற்கும் மண்ணைப் பார்த்தால் ஏன் என்று புரியும்.

பால் வேண்டுமா? சரி, அடுப்பை அணைத்து, சூடு கொஞ்சம் தணிந்த பிறகு ஊற்றுங்கள். கருப்பட்டியோடு பால் கொதித்தால் திரிந்துவிடும். எங்கள் வீட்டில் ஒரு லிட்டர் அப்படித்தான் போனது. மாதக் கணக்கில் அது இன்னும் என் பெயரில்தான் நிற்கிறது.