உருவப்பட ஆர்டர் எடுப்பது எப்படி: மூக்குத் தகராறு வராமல்

வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு வீட்டார், ரேஷன் அட்டையில் இருந்த தபால்தலை அளவுப் படத்தைக் கொடுத்து, காலமான அப்பாவைப் பெரிதாக வரையச் சொன்னார்கள். முடித்ததும் மூத்த மகன், "மூக்கு எங்கள் அப்பா மூக்கு இல்லை" என்றார். இளையவர், "நிறத்தைக் கொஞ்சம் ஏற்றுங்கள் அண்ணே" என்றார். நான்கு தடவை மூக்கை அழித்தேன். ஐந்தாம் தடவை தாள் வழுவழுத்து, பேஸ்டல் என்கிற வண்ணக்குச்சியின் பொடி ஒட்டவே இல்லை. பாக்கிப் பணம் இன்றுவரை வரவில்லை.

அதற்குப் பிறகுதான் வித்காட்சி என்ற ஓவியரை முன்மாதிரியாகப் பிடித்துக்கொண்டேன். போலந்துக்காரர், 1885இல் வார்சாவில் பிறந்தவர். நாடகம், நாவல், தத்துவம் எல்லாம் எழுதினார். சோற்றுக்கு 1925 வாக்கில் தன் பெயரிலேயே உருவப்படக் கம்பெனி தொடங்கினார். முதலாளியும் அவரே, தொழிலாளியும் அவரே. 1928இல் விதிமுறைகளை அச்சடித்துவிட்டார். 1939 செப்டம்பரில் இறப்பதற்குள் ஆயிரக்கணக்கில் முகங்கள் வரைந்திருந்தார்.

நீங்களும் முதலில் படத்தை ரகம் பிரியுங்கள். அவர் பல ரகம் வைத்திருந்தார். ஆளை அழகாக்கிக் காட்டும் வழவழப்பான ரகத்துக்கு விலை அதிகம். நியாயம்தானே, பொய்க்குத்தான் உழைப்பு கூடுதல். என்னிடம் இரண்டே: மாலை போட்டு மாட்டுகிற படம், எனக்குத் தோன்றுகிற முகம்.

அடுத்து, மூன்றில் ஒரு பங்கை அட்வான்ஸாக வாங்குங்கள். படம் பிடிக்காதவர் அவ்வளவைக் கொடுத்துவிட்டுப் படத்தை விட்டுப் போகலாம் என்பது அவர் விதி. விமர்சனத்துக்கு அறவே இடமில்லை. கம்பெனியின் நரம்புகளைச் சோதிக்கக் கூடாதாம்! இந்த வரியை நான் அப்படியே ஒரு பலகையில் எழுதி மாட்டியிருக்கிறேன்.

சாம்பல் நிறத் தாள் எடுங்கள், வெள்ளை வேண்டாம். நெற்றி வெளிச்சம் அதில்தான் எழும். நம் வேலூர் வெயிலில் மணிக்கட்டு வியர்த்துப் பொடியை இழுத்துவிடும், அடியில் ஒரு காகிதம் வையுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். சட்டம் போடும்போது கண்ணாடி படத்தைத் தொடக்கூடாது, இடையில் அட்டை கொடுக்கச் சொல்லுங்கள். வேலையின்போது புகைத்தாரா, குடித்தாரா என்பதை வித்காட்சி படத்தின் மூலையில் குறித்துவைப்பார். நான் எத்தனை டீ என்று குறிக்கிறேன்.

போன வாரம் காட்பாடியிலிருந்து வந்த ஒருவர் பலகையை எழுத்தெழுத்தாகப் படித்தார். "அண்ணே, மூக்குக்கு மட்டும் ஏதாவது சொல்லலாமா?" அட்வான்ஸை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, "கூடாது" என்றேன்.