தூரிகையைக் கீழே வைத்த பிறகு: சின்ன வீட்டில் ஓவிய அறை வைப்பவர்கள் செய்யும் தவறுகள்

தனியாக ஓர் அறை கிடையாது, படுக்கிற அறையின் ஜன்னலோரத்தில்தான் ஈசல் (கேன்வாஸைத் தாங்கும் சட்டம்) நிற்கிறது. பெரும்பாலானவர்களின் ஓவிய அறை இப்படித்தான் தொடங்குகிறது. அதில் தவறே இல்லை. ஆனால் நம் கவனமெல்லாம் வரைகிற நேரத்திலேயே போய்விடுகிறது: வெளிச்சம் போதுமா, உட்கார வசதியாக இருக்கிறதா, தரையில் வண்ணம் சிந்துமா என்று. பெரிய ஆபத்துகள் வருவது தூரிகையைக் கீழே வைத்த பிறகுதான். துடைத்த துணி எங்கே போனது, ஜாடியை மூடினோமா, இரவில் அந்த அறையில் யார் தூங்கப் போகிறார்கள் என்பதையெல்லாம் யோசிக்கிறவர்கள் குறைவு.

முதலில் துணி. ஆயில் பெயின்டில் கலந்திருக்கும் ஆளிவிதை எண்ணெய் படிந்த துணியைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டுத் தூங்கப் போவதைவிட ஆபத்தான பழக்கம் ஓவியர்களிடம் வேறெதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இந்த எண்ணெய் தண்ணீரைப்போல ஆவியாகி உலர்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது. அப்படிச் சேரும்போது சூடு பிறக்கும். கேன்வாஸில் மெல்லிய பூச்சாக இருக்கும்வரை அந்தச் சூடு காற்றோடு போய்விடும். கசங்கிய துணியில் அப்படியில்லை. வெளி மடிப்புகள் போர்வைபோல மூடிக்கொள்ள, உள்ளே சூடு சேர்ந்துகொண்டே போகும். சூடு ஏற ஏற எண்ணெய் இன்னும் வேகமாக ஆக்சிஜனை இழுக்கும். சில மணி நேரத்தில், தீப்பொறி எதுவும் இல்லாமலே துணி தானாகப் பற்றிக்கொள்ளலாம். மாலையில் போட்ட துணி நள்ளிரவில் எரியும்.

துணியை நன்றாக விரித்து, ஒன்றன்மேல் ஒன்று படாமல், வீட்டுக்கு வெளியே காயப்போடுங்கள். முழுக்க விறைத்த பிறகு குப்பையில் போடலாம். வெளியே இடமில்லையா? மூடியுள்ள தகர டப்பாவில் தண்ணீர் ஊற்றி, அதில் முழுக்க அமிழ்த்தி மூடி வையுங்கள். டிஷ்யூ பேப்பருக்கும் இதே கணக்குதான். "நான் வண்ணத்தைக் கரைக்கும் டர்பென்டைனைத் தொடுவதே இல்லை, வெறும் எண்ணெயில்தான் தூரிகையைத் துடைக்கிறேன்" என்பவர்களும் இதில் அடக்கம். தானாகச் சூடாவது எண்ணெய்தான், டர்பென்டைன் அல்ல.

அடுத்தது, மூக்கை நம்புவது. டர்பென்டைனுக்குப் பதிலாக வண்ணத்தை இளக்க, வாசனையில்லாத தின்னர் என்று விற்பதை வாங்கிவந்து, வாசனைதான் இல்லையே என்று ஜன்னலைச் சாத்திக்கொண்டு வரைகிறவர்கள் நிறைய. அதில் குறைந்திருப்பது மணம். திரவம் ஆவியாவது நிற்கவில்லை, அந்த ஆவி நுரையீரலுக்குப் போவதும் நிற்கவில்லை. வாசனை உள்ளதாக இருந்தாலும் கொஞ்ச நேரத்தில் மூக்கு பழகிவிடும், அப்புறம் எதுவும் தெரியாது. டர்பென்டைன் சுமார் 35 டிகிரி செல்சியஸிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவியாகிவிடும். வெயில் காலத்தில் மூடிய அறை அந்தச் சூட்டை எளிதில் எட்டிவிடும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, கீழே இறங்கித் தரையோரமாகப் படியும். தவழும் குழந்தையும் தரையில் படுக்கிறவர்களும் சுவாசிப்பது அங்கேதான்.

ஜன்னலைத் திறந்துவிட்டால் போதும் என்பதும் அரைகுறைத் தீர்வுதான். காற்று வர ஒரு வழியும் போக ஒரு வழியும் வேண்டும். ஜன்னலில் ஓர் எக்ஸாஸ்ட் ஃபேன், எதிர்ப்பக்கம் கொஞ்சம் திறந்த கதவு, நடுவில் நீங்கள். புதுக்காற்று உங்கள் முதுகுப்பக்கம் வந்து, ஈசலைத் தாண்டி வெளியேற வேண்டும். மெல்லிய காகிதத் துண்டு ஒன்றை ஜன்னலருகே பிடித்துப் பாருங்கள். அது வெளிப்பக்கமாக இழுபட்டால் சரி. உங்களை நோக்கி மடிந்தால் ஆவி முழுவதும் முகத்துக்குத்தான் வருகிறது. சீலிங் ஃபேன் உள்ளே இருப்பதைக் கலக்கிவிடும், அவ்வளவுதான். வீட்டு ஏசியும் பெரும்பாலும் அதே காற்றைத்தான் சுற்றவிடுகிறது. என்95 முகக்கவசம் தூசியைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது.

படுக்கவும் வரையவும் ஒரே அறை என்றால் டர்பென்டைன், தின்னர் இரண்டுமே வேண்டாம் என்பதுதான் என் தீர்மானமான கருத்து. அக்ரிலிக், வாட்டர்கலர், தண்ணீரில் கரையும் ஆயில் பெயின்ட் என்று வழி நிறைய இருக்கிறது. ஆயில்தான் வேண்டும் என்றால், தூரிகையை முதலில் எண்ணெயில் துடைத்து, பிறகு சோப்பு போட்டுக் கழுவினாலே சுத்தமாகிவிடும்.

தண்ணீர் வண்ணம் என்பதால் பயமே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். காட்மியம், கோபால்ட் போன்ற நச்சு உலோகங்கள் கலந்த நிறமிகள் அதிலும் உண்டு. ட்யூபில் ஈரமாக இருக்கும்வரை பெரிய கவலை இல்லை. காய்ந்த பூச்சை உப்புத்தாளால் தேய்ப்பது, ஏர்பிரஷில் வைத்து அடிப்பது, பொடியாக வாங்கிக் குழைப்பது என்று மூச்சில் கலக்கும்போதுதான் சிக்கல். பாஸ்டல் எனும் வண்ணக்கட்டியிலிருந்து உதிரும் தூளை வாயால் ஊதாதீர்கள். பலகையை நிமிர்த்தி வைத்து, கீழே ஈரத்துணியை விரித்துவிட்டால் தூள் அதிலேயே விழும். தரையைத் துடைப்பத்தால் கூட்டாமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

தூரிகையின் நுனியை உதட்டால் கூர்மையாக்கும் பழக்கம் இன்னும் பலரிடம் இருக்கிறது. நூறு வருடத்துக்கு முன்பு அமெரிக்கத் தொழிற்சாலைகளில் கடிகார முகப்புக்கு ரேடியம் பூச்சு தீட்டிய இளம்பெண்கள் இப்படித்தான் நுனியை உதட்டில் வைத்தார்கள். தாடை எலும்பு அரித்துப்போய்ப் பலர் இறந்தார்கள். நம் வண்ணங்களில் ரேடியம் இல்லை, உண்மைதான். ஆனால் நிறமி வாய்க்குள் போகும் வழி அதேதான். குடிக்கிற டம்ளரையும் தூரிகை கழுவும் டம்ளரையும் ஒரே மேஜையில் வைக்காதீர்கள்.

தின்னரைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைப்பது குழந்தைகள் உள்ள வீட்டில் மன்னிக்கவே முடியாத தவறு. வாங்கிய டப்பாவிலேயே, லேபிளோடு, பூட்டிய அலமாரியில் இருக்கட்டும். யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், வெளியே வரும்போது நுரையீரலுக்குள் இறங்கிவிடும். டப்பாவையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

அழுக்கான தின்னரை சிங்க்கில் கொட்ட வேண்டாம். மூடி வைத்தால் வண்டல் அடியில் தங்கும், மேலே தெளிந்ததை மீண்டும் பயன்படுத்தலாம். அக்ரிலிக் தூரிகையைக் கழுவும் முன் காகிதத்தில் நன்றாகத் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் குழாய்க்குள் பிளாஸ்டிக்காக இறுகி அடைத்துக்கொள்ளும்.

கடைசியாக, ஈசலும் கேன்வாஸ் அடுக்கும் வாசலை மறித்து நிற்கக் கூடாது. இடம் குறைவான வீட்டில் இது தெரியாமலே நடந்துவிடும். எண்ணெயில் பற்றிய தீயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், தீ பரவிவிடும். சிறிய தீயணைப்பான் ஒன்றை வாங்கி, ஈசலுக்குப் பக்கத்தில் இல்லாமல் கதவோரம் மாட்டுங்கள். எடுக்க ஓடும்போதே வாசலுக்கு வந்துவிடுவீர்கள். அணைக்க முடியாது என்று தோன்றினால் அப்படியே வெளியேறிவிடலாம்.