கிளை அரைக்கும் சிப்பர் அருகில் துண்டும் லுங்கியும் வேண்டாம்

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையின் மரங்களைச் சாய்த்துப் போட்டதை மறந்திருக்க மாட்டோம். அப்படி விழுந்த கிளைகளை அகற்ற டிராக்டரில் இணைத்து ஓட்டும் சிப்பர் பெரிதும் உதவும் என்றாலும், அதில் நான் மிகவும் அஞ்சுவது கத்தியை அல்ல, டிராக்டர் எஞ்சினின் விசையைச் சிப்பருக்குக் கடத்தும் சுழல் தண்டான பி.டி.ஓ. தண்டைத்தான். நிமிடத்திற்கு 540 சுற்று என்றால் நொடிக்கு 9 சுற்று. தோளில் கிடக்கும் துண்டின் நுனியோ லுங்கியின் ஓரமோ சிக்கிவிட்டால் விடுவித்துக்கொள்ள நேரமே இராது. ஆகவே, தண்டின் மேலுறை விரிசலின்றி இருந்தால் மட்டுமே இயந்திரத்தை ஓட்டுங்கள். சுழலும் தண்டை ஒருபோதும் தாண்டாதீர்கள்.

கிளையின் தடித்த அடிப்பகுதியை முதலில் உள்ளே விட்டு, இயந்திரம் அதைப் பற்றியதும் கையை எடுத்துவிட்டுப் பக்கவாட்டில் விலகி நில்லுங்கள். குட்டைத் துண்டுகளைக் கையால் தள்ளாமல் நீண்ட கிளையால் தள்ளுங்கள். கண்ணுக்குக் கண்ணாடியும் காதுக்கு அடைப்பானும் அவசியம்.

தென்னை மட்டையின் நார் சுற்றிக்கொண்டு அடைத்துவிட்டால், பி.டி.ஓ. தண்டுக்குச் செல்லும் விசையை டிராக்டரில் துண்டித்து, எஞ்சினை அணைத்து, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு காத்திருங்கள்; எஞ்சின் ஓசை அடங்கிய பிறகும் கனமான கத்தித் தட்டு சுழன்றுகொண்டே இருக்கும் என்பதால், அது முற்றிலும் நின்றதைப் பார்த்த பின்னரே மூடியைத் திறக்க வேண்டும்.