கண்ணாடியும் கான்டாக்ட் லென்ஸும் அணிபவர்கள் கண் பரிசோதனைக்குச் செல்லும்போது

கண் பரிசோதனை என்றால் பவர் பார்ப்பது என்றே பலரும் எண்ணுகிறார்கள். கண்ணழுத்தம், கருவிழி, விழித்திரை ஆகியவற்றைப் பார்க்காமல் பவரை மட்டும் எழுதித் தரும் சோதனை முழுமையானதன்று. கான்டாக்ட் லென்ஸ் அணிபவருக்கு அது சற்றும் போதாது.

முன்பதிவு செய்யும்போதே, லென்ஸை எத்தனை நாள் முன்னதாகக் கழற்ற வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நாள்தோறும் கருவிழியின் மேல் அமர்ந்திருக்கும் லென்ஸ் அதன் வளைவைச் சிறிது மாற்றிவிடுவதால், கழற்றிய உடனே பார்க்கும் பவர் தவறாக அமையக்கூடும். மென்மையான லென்ஸைவிடக் கெட்டியான லென்ஸுக்குக் கூடுதல் நாள்கள் தேவைப்படும். இப்போது அணியும் கண்ணாடியையும், லென்ஸின் வளைவும் விட்டமும் அச்சிடப்பட்டுள்ள பெட்டியையும், உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியலையும் எடுத்துச் செல்லுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு, இரத்தச் சர்க்கரை ஏறி இறங்கும் நாள்களில் பவரும் மாறும் என்பதால், அது ஓரளவு கட்டுக்குள் வந்தபின் புதுக் கண்ணாடிக்கு எழுதி வாங்குவதே நல்லது.

கம்ப்யூட்டர் சோதனை காட்டும் எண் ஒரு தொடக்கம் மட்டுமே. அதன்பின் சோதனைச் சட்டத்தில் வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, எது தெளிவாக இருக்கிறது என்று கேட்பார்கள். கண்ணை இடுக்காமல், ஊகித்துச் சொல்லாமல், வேறுபாடு தெரியாவிட்டால் தெரியவில்லை என்றே கூறுங்கள். ஒரு கோணத்தில் மட்டும் பார்வை மங்குவதைச் சரிசெய்யும் சிலிண்டர் பவர் புதிதாகச் சேர்ந்தாலோ அதன் கோணம் மாறினாலோ, அந்தச் சட்டத்தை அணிந்தபடியே சிறிது நடந்து, தரை சரிந்து தெரிகிறதா என்று பாருங்கள். 40 வயதையொட்டி வெள்ளெழுத்து தொடங்கியவர்கள், தாம் படிப்பதும் தைப்பதும் கணினி பார்ப்பதும் எவ்வளவு தொலைவில் என்பதைக் கையால் காட்டிவிட வேண்டும்; வாசிப்புப் பவர் அதைப் பொறுத்தே அமைகிறது.

கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்தை, நேரமில்லை என்று தட்டிக்கழிக்காதீர்கள். கூடுதல் மைனஸ் பவர் உள்ளவர்களுக்கு விழித்திரையின் ஓரம் மெலிந்து கிழியும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். விரித்துப் பார்த்தால்தான் அந்த ஓரம் நன்கு புலப்படும். மருந்து விட்டபின் சில மணி நேரம் கிட்டப் பொருள்கள் மங்கும், வெயில் கூசும். ஆகவே வண்டி ஓட்ட ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

கண்ணாடிச் சீட்டைக் கொண்டு லென்ஸ் வாங்குவது நம்மிடையே பரவலாக உள்ள தவறு. கண்ணாடி கண்ணிலிருந்து ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் தள்ளி நிற்கிறது. லென்ஸோ கருவிழியின் மேலேயே படிகிறது. இதனால் கண்ணாடியில் மைனஸ் 6.00 உள்ளவருக்கு லென்ஸில் ஏறத்தாழ மைனஸ் 5.50 போதும். பவர் பொருந்தினாலும் வளைவு பொருந்தாவிட்டால் லென்ஸ் இறுகிக் கண்ணை உறுத்தும். எனவே லென்ஸை அணியச் செய்து, இமைக்கும்போது அது சற்றே நகர்கிறதா என்று, கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லாம்ப் கருவியில் பார்ப்பதும், கழற்றியபின் சாயம் இட்டுக் கருவிழியில் கீறல் உண்டா என்று பார்ப்பதும், கண்ணீர்ச் சுரப்பை அறிவதும் அவசியம். இவற்றைச் செய்தார்களா என்று கேட்கத் தயங்காதீர்கள்.

புறப்படும் முன் சீட்டில் இரு கண்மணிகளுக்கு இடைப்பட்ட தூரமும் எழுதப்பட்டுள்ளதா என்று பாருங்கள். கண்ணாடி செய்பவருக்கு அது தேவை.

லென்ஸ் அணிந்த கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் கூசினால் அடுத்த பரிசோதனைத் தேதிவரை காத்திருக்கக் கூடாது. குழாய்த் தண்ணீர் பட்ட லென்ஸால் அகாந்தமீபா என்னும் நுண்ணுயிர் கருவிழியைத் தாக்கினால் பார்வையே பறிபோகலாம். உடனே லென்ஸைக் கழற்றி, மருந்துக் கடையில் சொட்டு மருந்து எதையும் தாமாக வாங்கி விடாமல், அன்றே கண் மருத்துவரிடம் செல்லுங்கள். கழற்றிய லென்ஸையும் அதன் டப்பாவையும் உடன் கொண்டுபோனால், தொற்றுக்குக் காரணமான கிருமியை அவற்றிலிருந்தும் ஆய்வகத்தில் கண்டறிய முயலலாம்.