தண்ணி விட்ட வெள்ளரிக்காயும் நானும்: சாலட்ல நான் பண்ணுன தப்பெல்லாம்

போன வருஷம் பிளட் டெஸ்ட் ரிப்போர்ட்ல சுகர் பார்டர்ல நிக்குதுன்னு வந்துச்சு. டாக்டர் ஒண்ணும் பயமுறுத்தல, சோத்த கொறைங்க, காய ஏத்துங்க, பாக்கெட்ல வர்றத விட்டுடுங்க, அவ்ளோதான் சொன்னார். நான் என்ன பண்ணேன், அன்னிக்கு சாயங்காலமே சூப்பர்மார்க்கெட் போயி ஐஸ்பெர்க் லெட்டூஸ் ஒண்ணு, மூணு கலர்ல குடமிளகாய், குட்டி தக்காளி ஒரு டப்பா, சாலட் மேல ஊத்திக் கலக்கற டிரெஸ்ஸிங் ஒரு பாட்டில்னு அள்ளிட்டு வந்தேன். வீட்டுக்காரர் பில்ல பாத்துட்டு "இது மாசத்துக்கா?"ன்னு கேட்டார். மாசமாவது, மூணு நாள் தாக்குப்பிடிச்சேன், நாலாவது நாள் கேண்டீன்ல நின்னு சாம்பார் சாதம் வாங்கி சாப்ட்டேன், அப்பளம் எக்ஸ்ட்ரா.

இப்போ தெனமும் மத்தியானம் சாலட்தான், அதுவும் ஆசைப்பட்டு. டயட்டு மாறலன்னு தோணுது, செய்ற விதம்தான் மாறுச்சு. மொத மூணு மாசம் நான் பண்ணுன கூத்த சொன்னா உங்களுக்கு அந்த மூணு மாசம் மிச்சம்.

மொதல்ல, தெரியாத ஊர்ல வீடு கட்டப் போனேன். லெட்டூஸ் எனக்கு பழக்கமே இல்லாத எலை, பெரும்பாலும் தண்ணிதான், அதுக்குன்னு ஒரு ருசியும் என் நாக்குக்கு தெரியல. ஆனா ராமநவமிக்கு அம்மா பண்ற கோசுமல்லிய நான் ரெண்டு தொன்னை கேட்டு வாங்கி சாப்டற ஆளு. ஊறவச்ச பாசிப்பருப்பு, பொடியா நறுக்குன வெள்ளரி, துருவுன கேரட், தேங்கா, கடுகு தாளிச்சு எலுமிச்சை புழிஞ்சது, அது சாலட் இல்லாம வேற என்ன? தயிர் பச்சடி, வாழத்தண்டு பச்சடி, யாழ்ப்பாணத்து பக்கம் பண்ற வல்லாரைச் சம்பல், எல்லாமே பச்சையா சாப்டறதுதான். அங்கருந்து ஆரம்பிச்சிருந்தா லெட்டூஸ் காசு மிச்சம். ஒரே ஒரு விஷயம், ஓரமா ஒரு கரண்டி வச்சுக்கற பச்சடிய அப்படியே ஒரு பெரிய கிண்ணமா ஏத்துனா தேங்காயும் ஏறிடும், அத மட்டும் பாத்துக்கணும்.

ரெண்டாவதுதான் பெரிய தப்பு, தண்ணி. காலைல ஏழு மணிக்கு நறுக்கி உப்பு எலுமிச்சை எல்லாம் போட்டு கலந்து டப்பால அடைச்சா ஒரு மணிக்கு தொறக்கும்போது அடியில ஒரு ரசம் நிக்கும், மேல தொவண்டு போன காய். வெள்ளரிக்காய் நூத்துக்கு 95 பங்கு தண்ணி, உப்பு பட்டதும் அது வெளிய வந்துடும். நம்பிக்கை இல்லனா ஒரு பெரிய வெள்ளரிக்காய துருவி அரை ஸ்பூன் உப்பு பெசறி பத்து நிமிஷம் வச்சு கையால புழிஞ்சு பாருங்க, கால் டம்ளருக்கு மேலயே வரும். அந்த தண்ணி உங்க ருசி மொத்தத்தையும் கரைச்சு வச்சிருக்கும், அதான் வாயில வச்சா சப்புன்னு இருக்கு. ஒண்ணு இப்படி முன்னாடியே புழிஞ்சிட்டு போடணும் (புழிஞ்ச தண்ணிய மோர்ல ஊத்திக்கோங்க, உப்பு ஏற்கனவே இருக்கு), இல்லனா சாப்டறப்போ உப்பு போடணும். அம்மா கோசுமல்லிக்கு உப்பு எல்லாரும் உக்காந்தப்பறம்தான் போடுவாங்க, நான் அத ஏதோ மடி ஆசாரம்னு நெனச்சுட்டு இருந்தேன்.

எனக்கு இது நல்லா உறைச்சது பெசன்ட் நகர் பீச்சுலதான். சுண்டல்காரர் கிட்ட ஒரு தூக்குல வெந்த பட்டாணி, மாங்கா தனியா ஒரு டப்பால, தேங்கா கீத்து தனியா. நாம கேட்டப்பறம்தான் பேப்பர சுருட்டி, பட்டாணி போட்டு, மாங்காய மேல தூவி ஒரு குலுக்கு. ஏண்ணே மொதல்லயே கலந்து வச்சிக்கிட்டா ஈசிதானேன்னு கேட்டேன், "மாங்கா தண்ணி வுட்ரும்க்கா, அப்பறம் யாரு வாங்குவா"ன்னார். முடிஞ்சது. அடுத்த நாள்லருந்து என் டப்பாவும் அப்படித்தான், அடியில எலுமிச்சை சாறு எண்ணெய் மிளகுத்தூள் உப்பு, அதுக்கு மேல கொண்டக்கடல (அது ஊறுனா நல்லதுதான்), அப்பறம் கேரட், கோஸ், கடைசில வெள்ளரி, எலை வகை எதுனா இருந்தா உச்சியில, வறுத்த கடல தனி பொட்டலம். சாப்டறப்போ ஒரு தட்டுல கவுத்தா டிரெஸ்ஸிங் மேல வந்துடும். தக்காளிக்கு உள்ள இருக்கற விதை கூழ வழிச்சிட்டு சதைய மட்டும் போடுங்க. கொத்தமல்லி, புதினா எல்லாம் கழுவிட்டு ஒரு காட்டன் துணில சுருட்டி ஒத்தி எடுங்க, ஈர எலைல எண்ணெயும் ஒட்டாது, எலுமிச்சையும் ஒட்டாது.

நறுக்கறதும் ஒரு விஷயம். கேரட்ட வட்ட வட்டமா வெட்டிப் போட்டா மாடு மாதிரி மென்னுட்டே இருக்கணும், அதே கேரட் துருவுனா வேற காய். கோஸ் முடி மாதிரி மெல்லிசா இருக்கணும். வெங்காயம் நறுக்கி பத்து நிமிஷம் தண்ணில போட்டு வடிச்சா காட்டம் போயிடும், இல்லனா மத்தியான மீட்டிங்ல பக்கத்து சீட்டு காலி.

அடுத்தது எண்ணெய். "ஆயில் ஃப்ரீ"ன்னு நானும் கொஞ்ச நாள் திரிஞ்சேன், எலுமிச்சையும் உப்பும் மட்டும். கேரட்ல இருக்கற பீட்டா கரோட்டின் ஒடம்புல சேரணும்னா கூட கொஞ்சம் கொழுப்பு வேணும், வைட்டமின் ஏ, டி, ஈ, கே எல்லாம் அந்த ரகம். ஆலிவ் ஆயில்தான் வேணும்னு யாரும் சட்டம் போடல, ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெய், இல்லனா ஒரு பிடி வேர்க்கடல போதும். அதுக்காக பாட்டில கவுக்காதீங்க, ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய்யே கிட்டத்தட்ட 120 கலோரி.

கடைல வாங்குற டிரெஸ்ஸிங், மயோனைஸ் பத்தி ரெண்டே வரி. லேபிள்ல எது அதிகமோ அதான் மொதல்ல எழுதியிருக்கும், எண்ணெய், தண்ணி, சக்கரைன்னு ஆரம்பிச்சா நீங்க காய் சாப்டல, அத தொட்டுக்க காய் வச்சிருக்கீங்க. பச்சை முட்டை மயோனைஸ தமிழ்நாட்டுல 2025 ஏப்ரல்ல ஒரு வருஷத்துக்கு தடையே பண்ணாங்க, கிருமி பயம்தான் காரணம். தயிர துணில கட்டி ரெண்டு மணி நேரம் தொங்கவிட்டு, அதுல ஒரு பல் பூண்டு நசுக்கி மிளகு உப்பு போட்டு அடிச்சு பாருங்க, எங்க வீட்டு பையன் அத மயோனு நெனச்சுதான் இன்னிக்கும் சாப்டறான்.

வெறும் காய மட்டும் சாப்ட்டு எந்திரிச்சா நாலு மணிக்கு டீக்கடை பஜ்ஜி கூப்புடும், கூப்ட்டா போகாம இருக்க நான் ஒண்ணும் முனிவர் இல்ல. 100 கிராம் வெந்த கொண்டக்கடலைல 9 கிராம் மாதிரி புரோட்டீன் இருக்கு, ஒரு முட்டைல 6. நான் ஞாயித்துக்கிழமை அரை கிலோ கொண்டக்கடலய ராத்திரி ஊறப்போட்டு திங்கக்கிழமை காலைல குக்கர்ல வேகவச்சு, சின்ன சின்ன டப்பால ஃப்ரீசர்ல போட்டுடறேன், வாரம் ஓடிடும்.

மொளகட்டுன பயறு பத்தியும் சொல்லிடணும், ஏன்னா ஹெல்த்தின்னாலே எல்லாரும் அத பச்சையா அள்ளி வாயில போடறாங்க. பயறு மொளைக்கற அதே கதகதப்பும் ஈரமும்தான் கிருமிக்கும் புடிக்கும், சால்மொனெல்லா, ஈ கோலை ரெண்டுக்கும் இது வசதியான எடம். ஆவில வேகவச்சு போடுங்க, வயசானவங்க, கர்ப்பமா இருக்கறவங்க, சின்ன கொழந்தைங்களுக்குன்னா பச்சையா வேணவே வேணாம். காய்கறிய ஓடற தண்ணில தேச்சு கழுவுனா போதும், சோப்பு போட்டு கழுவற ஆளுங்கள நானே பாத்திருக்கேன், தயவுசெஞ்சு பண்ணாதீங்க.

அப்பறம் ஒரே நாள்ல தலைகீழா மாறாதீங்க. கோஸ், கொண்டக்கடல, முள்ளங்கி மூணும் சேந்த ஒரு கிண்ணத்த மொத வாரமே தெனம் சாப்ட்டா வயிறு உப்பி உங்களுக்கும் கஷ்டம், கூட இருக்கறவங்களுக்கும் கஷ்டம். ஒரு கப்புல ஆரம்பிச்சு ரெண்டு மூணு வாரத்துல ஏத்துங்க, தண்ணி நெறைய குடிங்க. ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் எடுக்கறவங்க திடீர்னு கீரைய ஏத்தக்கூடாது, கிட்னி பிரச்சனை இருக்கறவங்களுக்கு பொட்டாசியம் கணக்கு இருக்கு, இந்த ரெண்டு பேரும் டாக்டர கேட்டுட்டு இறங்குங்க.

கடைசியா பீட்ரூட். அத மத்ததோட கலந்தா எல்லாமே ரோஸ் கலர் ஆயிடும், அதனால துருவி, எலுமிச்சைல பெரட்டி, சாப்டறப்போ மேல வைக்கணும், கூட தயிர் இருந்தா அந்த மண் வாசம் தெரியாது. இன்னொன்னு, மறுநாள் பாத்ரூம்ல செவப்பா பாத்துட்டு நான் ஆடிப்போயி வீட்டுக்காரர எழுப்பி ஆஸ்பத்திரி போலாம்னு கெளம்பிட்டேன், செருப்பு மாட்டறப்போதான் அவர் கேட்டார், "நேத்து டப்பால என்ன போட்ட?"