நன்னீர் மட்டியின் சத்தைக் கணக்கிடுவது எப்படி?

ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், மணிப்பூர் ஆகிய மாநிலங்களில் உண்ணப்படும் லேமெல்லிடென்ஸ் மார்ஜினாலிஸ் என்னும் நன்னீர் மட்டியின் சதையில் ஐம்பது விழுக்காடு புரதம் என்று ஒரு கட்டுரையும், பத்து விழுக்காடுதான் என்று மற்றொன்றும் கூறினால், இரண்டுமே சரியாக இருக்கலாம். அது எப்படி என்பதைக் கையால் அளந்தே தெரிந்துகொள்ளலாம்.

முதலில், உயிருள்ள மட்டிகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தட்டியும் மூடாமல் வாய் பிளந்து கிடப்பவற்றை ஒதுக்கிவிடுங்கள். சமையலறைத் தராசைவிட, 0.1 கிராம் வரை காட்டும் சிறிய நகைத் தராசையே நான் பரிந்துரைப்பேன்.

அடுத்து, சதையைப் பச்சையாகவே பிரித்தெடுங்கள். ஆவியில் வேகவைத்தால் ஓடு தானாகத் திறக்கும் என்றாலும், சாறு வடிந்து எடை மாறிவிடும். மெல்லிய கத்தியை ஓட்டின் உட்புறத்தை ஒட்டியே நுழைத்து, இரு முனைகளிலும் ஓடுகளை இறுக்கிப் பிடித்திருக்கும் தசைகளை அறுத்தால், ஓடு எளிதாக விரியும். உள்ளே தேங்கிய நீரைச் சல்லடையில் நன்கு வடித்த பின்னரே சதையை நிறுக்க வேண்டும். இல்லையெனில் குளத்து நீரையும் சேர்த்துச் சதைக் கணக்கில் எழுதிவிடுவீர்கள்.

குழப்பம் தொடங்குவது மூன்றாவது படியில்தான். ஆய்வகத்தில் சதையை 105 பாகை செல்சியஸில், எடை இனிக் குறையாது என்னும் நிலை வரும்வரை உலர்த்துவார்கள். 100 கிராம் சதை 20 கிராமாகச் சுருங்கினால், ஈரப்பதம் 80 விழுக்காடு. அந்த உலர்பொருளில் பாதி புரதம் என்றால், உலர் எடைக் கணக்கில் 50 விழுக்காடு. ஆனால் நாம் வாங்கிச் சமைக்கும் ஈரச் சதையிலோ 10 விழுக்காடு மட்டுமே. எனவே எந்த அட்டவணையைப் பார்த்தாலும், புரத எண்ணைப் படிப்பதற்கு முன் அது உலர் எடையா, ஈர எடையா என்பதைப் பாருங்கள். அதைக் குறிப்பிடாத அட்டவணையை நான் பயன்படுத்துவதில்லை.

புரதத்தை வீட்டில் அளக்க முடியாது. ஆய்வகத்தில் நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்குவார்கள். ஆற்றலைக் கணக்கிட, ஒரு கிராம் புரதத்துக்கும் மாவுச்சத்துக்கும் 4 கிலோகலோரி, கொழுப்புக்கு 9 எனக் கொள்ளுங்கள். எடுத்துக்காட்டாக, 100 கிராம் சதையில் புரதம் 10, கொழுப்பு 1, கிளைகோஜன் (விலங்குடலில் சேமிக்கப்படும் மாவுச்சத்து) 3 கிராம் என்றால், கிடைப்பது 61 கிலோகலோரி. இந்தக் கணக்கின்படி, 2000 கிலோகலோரிக்கு மூன்று கிலோவுக்கும் மேல் சதை வேண்டும். வட அமெரிக்கத் தொல்குடிகள் உண்ட நன்னீர் மட்டிகளின் உணவு மதிப்பை ஆராய்ந்த பார்மலீயும் கிளிப்பெலும் 1974-இல் மட்டியை முதன்மை உணவாக அல்லாமல் துணையுணவாகவே மதிப்பிட்டதில் வியப்பில்லை.

பின்சேர்க்கை: சமைத்த மட்டியில் புரதம் கூடுகிறதா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். 100 கிராம் சதை வெந்து 65 கிராமாகச் சுருங்கினால், அதே 10 கிராம் புரதம் 15 விழுக்காடாகத் தெரியும். நீர் குறைந்ததே தவிரப் புரதம் கூடவில்லை. மட்டி நீரை வடிகட்டி உண்பதால் காட்மியம், ஈயம் போன்றவை அதன் உடலில் சேரும். சமைத்தாலும் அவை நீங்கா. ஆகையால் ஆலைக்கழிவு கலக்கும் நீர்நிலையின் மட்டியைத் தவிர்த்துவிடுங்கள். செவுள்களில் கால்சியம் பாஸ்பேட் துகள்கள் படிந்திருப்பதால், செவுளை நீக்கிச் சமைப்பவர்கள் முழுச் சதைக்கான கால்சிய அளவைத் தங்கள் கணக்கில் சேர்க்கக் கூடாது.